வீட்டில் சைவ இந்திய–சீன விருந்து: முதன்முறை சமைப்பவர்களுக்கான வழிகாட்டி

இந்திய–சீன உணவை வீட்டில் முதன்முறையாகச் சமைப்பவர்கள் பொதுவாக மூன்று ஏமாற்றங்களைச் சந்திக்கிறார்கள். ஃப்ரைட் ரைஸ் குழைந்து கட்டிகட்டியாகத் திரண்டுவிடுகிறது. காய்கள் தண்ணீர் விட்டுத் துவண்டுவிடுகின்றன. கோபி மஞ்சூரியன் தட்டுக்கு வருவதற்குள் நமத்துப்போகிறது. மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான்: வெளியேற வேண்டிய ஈரம் வெளியேறாமல் சட்டியிலேயே தங்கிவிடுகிறது. உணவகங்களிலும் சாலையோரத் தள்ளுவண்டிகளிலும் இரைச்சலோடு எரியும் பெரிய அடுப்பு, வீட்டு எரிவாயு அடுப்பைவிடப் பலமடங்கு வெப்பம் தருவதால், காயிலிருந்து கசியும் நீர் அந்த நொடியே ஆவியாகிவிடும். நம் வீட்டு அடுப்புக்கு அந்த வலு இல்லை. எனவே அடுப்பு செய்யும் வேலையின் ஒரு பகுதியை நாம் முன்கூட்டியே செய்துவிட வேண்டும். சோற்றை உலர்த்துவது, காயைத் துடைப்பது, சிறுசிறு பங்காகச் சமைப்பது, எல்லாவற்றையும் நறுக்கிக் கலந்து வைத்த பிறகே அடுப்பைப் பற்றவைப்பது ஆகியவையே அந்த வேலைகள். இக்கட்டுரையில் வரும் ஒவ்வொரு படியும் இதைச் சார்ந்தே அமைந்துள்ளது.

நான்கு பேருக்கான ஒரு முழு உணவை எடுத்துக்கொள்வோம்: காரமும் புளிப்பும் கலந்த காய்கறி சூப், வெஜிடபிள் ஃப்ரைட் ரைஸ், கோபி மஞ்சூரியன், தொட்டுக்கொள்ள வினிகரில் ஊறிய பச்சை மிளகாய். முதல் முயற்சிக்கு இதற்கு மேல் வேண்டாம்.

இந்தச் சமையல் எங்கிருந்து வந்தது

இதன் பிறப்பிடம் கொல்கத்தா. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டாங் அச்சியூ என்ற சீன வணிகர் ஹூக்ளி ஆற்றங்கரையில், இன்று அச்சிப்பூர் என்று வழங்கும் இடத்தில், கரும்புத் தோட்டமும் சர்க்கரை ஆலையும் நிறுவினார். அதைத் தொடர்ந்து வந்த சீனர்கள் கொல்கத்தாவின் டிரெட்டி பஜாரிலும், பின்னர் டாங்ராவிலும் குடியேறினார்கள். டாங்ராவில் தோல் பதனிடும் தொழில் நடத்திய ஹக்கா மக்களின் உணவு, உள்ளூர் வாடிக்கையாளர்களின் நாக்குக்கு ஏற்பக் காரமும் பூண்டும் கூட்டிக்கொண்டது. ஹக்கா நூடுல்ஸ் என்ற பெயரில் அவர்கள் இன்றும் நம் உணவுப் பட்டியல்களில் இருக்கிறார்கள்.

மஞ்சூரியனின் கதை பம்பாயைச் சேர்ந்தது. கொல்கத்தாவில் பிறந்த சீன வம்சாவளிச் சமையற்கலைஞர் நெல்சன் வாங், 1975இல் பம்பாயின் கிரிக்கெட் கிளப் ஆஃப் இந்தியாவில் பணியாற்றியபோது, புதிதாக ஏதேனும் செய்து தரும்படி வாடிக்கையாளர் ஒருவர் கேட்டதற்காக அதை உருவாக்கினார் என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. இந்தியக் குழம்பின் தொடக்கமான இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாயை எண்ணெயில் போட்ட அவர், கரம் மசாலாவுக்குப் பதிலாக சோயா சாஸும் கார்ன்ஃப்ளோரும் சேர்த்தார். முதலில் கோழியில் செய்யப்பட்டது பின்னர் காலிஃப்ளவருக்கும் பனீருக்கும் மாறியது. சமைப்பவர் இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: மஞ்சூரியனின் உயிர் இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் ஆகிய மூன்றில்தான் இருக்கிறது. புட்டிகளில் வரும் சாஸ்கள் அவற்றுக்குத் துணை மட்டுமே. இந்த மூன்றையும் குறைத்துவிட்டு சாஸைக் கூட்டினால் உப்பும் இனிப்பும் மட்டுமே மிஞ்சும்.

வாங்க வேண்டியவை

காய்களில் நடுத்தர அளவுள்ள காலிஃப்ளவர் ஒன்று, கேரட் இரண்டு, பீன்ஸ் 15, முட்டைகோஸ் கால் கிலோ, குடைமிளகாய் இரண்டு, பட்டன் காளான் ஐந்தாறு, வெங்காயத்தாள் ஒரு கட்டு, பெரிய வெங்காயம் ஒன்று, பூண்டு இரண்டு முழுக் கிழங்கு, விரல் நீள இஞ்சி இரண்டு துண்டு, பச்சை மிளகாய் பத்து ஆகியவை போதும். செலரி கிடைத்தால் ஒரு தண்டு வாங்கலாம். கிடைக்காவிட்டால் கொத்தமல்லித் தண்டைப் பொடியாக நறுக்கிச் சேர்க்கலாம். அதன் மணம் வேறு என்றாலும் சூப்புக்கு நன்றாகவே பொருந்தும்.

மளிகையில் 300 கிராம் பாசுமதி அரிசி, மைதா, அரிசி மாவு, கார்ன்ஃப்ளோர், மிளகு, காஷ்மீரி மிளகாய்த்தூள் ஆகியவை வேண்டும். கார்ன்ஃப்ளோர் என்பது மக்காச்சோளத்திலிருந்து பிரித்தெடுத்த வெள்ளை நிற மாவுச்சத்து. தொட்டால் வழுவழுப்பாக இருக்கும். ரொட்டி சுடப் பயன்படும் மஞ்சள் நிற மக்காச்சோள மாவை அதற்குப் பதிலாக வாங்கினால் சாஸ் கெட்டிப்படாமல் மணல்மணலாக நிற்கும். எண்ணெயைப் பொறுத்தவரை, சுத்திகரிக்கப்பட்ட கடலை எண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ ஏற்றது. செக்கு நல்லெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் இதற்குப் பொருந்தா. அவற்றின் மணம் மற்றவற்றை அமுக்கிவிடும், பெருந்தீயில் சீக்கிரம் புகையவும் செய்யும்.

சோயா சாஸ், தக்காளி கெச்சப், சிவப்பு மிளகாய் சாஸ், வெள்ளை வினிகர் என நான்கு புட்டிகள் இருந்தால் முழு உணவையும் சமைத்துவிடலாம். சோயா சாஸ் வாங்கும்போது மட்டும் புட்டியின் பின்புறத்தைப் படிப்பது நல்லது. சோயாவையும் கோதுமையையும் புளிக்கவைத்துத் தயாரித்ததா, நிறமும் உப்பும் கலந்த கரைசலா என்பது அங்கே தெரிந்துவிடும். புளிக்கவைத்தது கொஞ்சம் விலை கூடுதல் என்றாலும், ஒரே கரண்டியில் அதன் வேறுபாடு தெரியும். அதில் உப்பு மிக அதிகம் என்பதால், இந்தச் சமையலில் உப்பை எப்போதும் சாஸ் சேர்த்துச் சுவைத்த பிறகே போட வேண்டும். கோதுமை ஒவ்வாதவர்கள் வீட்டில் இருந்தால் சோயா சாஸிலும் கோதுமை உண்டு என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

சைவம் என்பதில் கவனமாக இருப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. ஆய்ஸ்டர் சாஸ் சிப்பியிலிருந்து செய்யப்படுவது; காளானில் செய்த சைவ வகை தனியாகக் கிடைக்கிறது. நூடுல்ஸ் வகைகள் சிலவற்றில் முட்டை சேர்ந்திருக்கும். இரண்டிலும் பாக்கெட்டின் மேல் பச்சைக் குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

அஜினோமோட்டோ வேண்டுமா என்ற கேள்வி தவறாமல் எழும். ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இக்கேடா 1908இல் கடற்பாசிக் குழம்பின் சுவைக்குக் காரணமாகக் கண்டறிந்த குளூட்டாமிக் அமிலத்தின் உப்பு அது. அதே குளூட்டமேட் தக்காளியிலும் காளானிலும் சோயா சாஸிலும் இயல்பாகவே இருக்கிறது. இந்த உணவில் அந்த மூன்றும் இருப்பதால், அஜினோமோட்டோ இல்லாமலே சுவை நிறைவாக வரும். விரும்புபவர்கள் ஃப்ரைட் ரைஸில் கால் தேக்கரண்டி சேர்த்துக்கொண்டு, அந்த அளவுக்கு உப்பைக் குறைத்துக்கொள்ளலாம்.

செயற்கைச் சிவப்பு நிறத்தை மட்டும் ஒருபோதும் வாங்காதீர்கள். 2024 மார்ச்சில் கர்நாடக அரசு கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறங்கள் சேர்ப்பதைத் தடை செய்தது. கடைகளில் எடுத்த மாதிரிகளில் பாதுகாப்பற்ற நிறமிகள் கண்டறியப்பட்டதே அதற்குக் காரணம். துணிகளுக்குச் சாயமேற்றப் பயன்படும் ரோடமைன்–பி இதில் முதன்மையாகப் பேசப்பட்டது. காஷ்மீரி மிளகாய்த்தூள் தரும் செந்நிறமே வீட்டு மஞ்சூரியனுக்குப் போதும்.

சட்டியும் அடுப்பும்

அகன்ற இரும்பு வாணலி இருந்தால் அதுவே மிகச் சிறந்தது. சூட்டைத் தேக்கிவைத்துக்கொள்வதால், குளிர்ந்த சோறு விழுந்ததும் அதன் வெப்பம் சட்டென்று இறங்காது. மெல்லிய அலுமினியச் சட்டியில் அடிப்பிடிக்கும். நான்ஸ்டிக் சட்டி மட்டுமே இருந்தால் மிதமான தீக்கு மேல் போகக்கூடாது. காலியாக வைத்துச் சூடேற்றவும் கூடாது, ஏனெனில் ஏறத்தாழ 260 டிகிரி செல்சியஸுக்கு மேல் அதன் பூச்சு சிதையத் தொடங்கி நச்சுப் புகையை வெளியிடும். இண்டக்ஷன் அடுப்பு வைத்திருப்பவர்களுக்குத் தட்டையான அடியுள்ள இரும்புச் சட்டி தேவை. தொலைக்காட்சியில் பார்ப்பதுபோலச் சட்டியைத் தூக்கிக் குலுக்கினால் அந்த நேரம் முழுவதும் வெப்பம் நின்றுவிடும் என்பதால், சட்டியை அடுப்பிலேயே இருத்தி தோசைத் திருப்பியால் அடியிலிருந்து புரட்டுவதே சரி. எரிவாயு அடுப்பிலும் புதியவர்களுக்கு இதுவே ஏற்றது.

சோறு: முதல் நாளே தொடங்குங்கள்

ஃப்ரைட் ரைஸின் தரம் அடுப்பில் தீர்மானிக்கப்படுவதில்லை, அதற்குப் பல மணி நேரம் முன்பே தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது. அரிசியைத் தண்ணீர் தெளியும்வரை மூன்று நான்கு முறை கழுவி, 20 நிமிடம் ஊறவைக்க வேண்டும். கழுவும்போது போவது அரிசியின் மேலே படிந்திருக்கும் மாவுத்தூள். அது தங்கினால் பருக்கைகள் ஒட்டிக்கொள்ளும். ஒரு பெரிய பாத்திரத்தில் இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, இரண்டு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி எண்ணெயும் சேர்த்து, ஊறிய அரிசியை வடித்துப் போடுங்கள். குக்கர் வேண்டாம், கஞ்சி வடிக்கும் முறையே இதற்குச் சரி.

ஆறாவது நிமிடத்திலிருந்து ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வெளியே மென்மையாகவும் நடுவில் மிக மெல்லிய உறுதியோடும் இருக்கும் நிலை பெரும்பாலும் ஏழெட்டு நிமிடத்தில் வந்துவிடும். உடனே வடிதட்டில் கொட்டி, நீர் முழுவதும் இறங்கியதும் அகலமான தாம்பாளத்தில் மெல்லிய அடுக்காகப் பரப்பி, மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். கரண்டியால் கிளறினால் பருக்கை உடையும். முள்கரண்டியால் லேசாகப் பிரித்துவிடலாம்.

ஆவி அடங்கியதும் மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும். நான்கு மணி நேரமாவது இருந்தால் நல்லது, ஓர் இரவு இருந்தால் இன்னும் நல்லது. குளிரும்போது வெந்த மாவுச்சத்து மீண்டும் இறுகிக்கொள்வதால் பருக்கை உறுதிப்படுகிறது, மேற்பரப்பும் உலர்ந்துவிடுகிறது. சோற்றை இரவு முழுவதும் வெளியிலேயே வைத்துவிடுவது மட்டும் கூடவே கூடாது. பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் சமைத்தாலும் அழியாமல் தங்கி, வெதுவெதுப்பில் பெருகி நச்சை உண்டாக்கும். அந்த நச்சு பிறகு வறுத்தாலும் நீங்காது. எனவே வடித்து ஒரு மணி நேரத்துக்குள் சோறு குளிர்பெட்டிக்குள் போய்விட வேண்டும். மறுநாளே தீர்த்துவிடவும் வேண்டும்.

நறுக்குதல்

நறுக்க முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். அடுப்பில் நடக்கும் வேலை நிமிடக் கணக்கில் முடிந்துவிடுவதால், எண்ணெய் காய்ந்த பிறகு பூண்டு உரிக்க அவகாசமே இருக்காது. காய்களைக் கழுவியதும் சுத்தமான துணியில் பரப்பித் துடைத்துவிட்டே கத்தியை எடுக்க வேண்டும். ஃப்ரைட் ரைஸுக்கான கேரட்டும் பீன்ஸும் உளுந்தம்பருப்பைவிடச் சற்றுப் பெரிதாக, ஒரே அளவில் இருக்கட்டும். முட்டைகோஸை மெல்லிய நீளத் துண்டுகளாகவும், ஒரு குடைமிளகாயைப் பொடியாகவும் நறுக்கலாம். மஞ்சூரியனுக்கான வெங்காயமும் மற்றொரு குடைமிளகாயும் கட்டைவிரல் நக அளவுச் சதுரங்களாக இருக்க வேண்டும். வெங்காயத்தை இதழ் இதழாகப் பிரித்துவிடுங்கள்.

பூண்டையும் இஞ்சியையும் அரைக்கக்கூடாது, பொடியாகக் கொத்த வேண்டும். அரைத்த விழுதில் உள்ள நீர் எண்ணெயைக் குளிர்வித்து, வறுபடும் மணத்துக்குப் பதிலாக வேகும் மணத்தைத் தரும். மொத்தத்தில் கொத்திய பூண்டு ஐந்து மேசைக்கரண்டியும் இஞ்சி இரண்டரை மேசைக்கரண்டியும் தேவைப்படும். வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதி தாளிக்கும்போதும் பச்சைப் பகுதி இறுதியிலும் சேர்வதால், இரண்டையும் தனித்தனியே வையுங்கள். நான்கு பச்சை மிளகாயை மெல்லிய வட்டங்களாக அரிந்து, அரைக் கோப்பை வினிகரிலும் ஒரு சிட்டிகை உப்பிலும் இப்போதே ஊறப்போட்டுவிட்டால் தொட்டுக்கொள்ளும் பொருளும் தயார்.

சூப்

நறுக்கியதில் மிஞ்சிய முட்டைகோஸ் நடுத்தண்டு, கேரட் நுனிகள், காளான் காம்பு, கழுவிய கொத்தமல்லித் தண்டு ஆகியவற்றை ஒன்றேகால் லிட்டர் தண்ணீரில் போட்டு, மெல்லிய கொதியில் 25 நிமிடம் விட்டு வடிகட்டினால் காய்ச்சாறு கிடைக்கும். கடையில் விற்கும் கட்டிகளைவிட இது மேலானது, செலவும் இல்லை. காலிஃப்ளவர் காம்பை இதில் சேர்க்க வேண்டாம். நீண்ட நேரம் கொதித்தால் அதன் வாடை சூப்பைக் கெடுத்துவிடும்.

ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஒரு மேசைக்கரண்டி பூண்டும் அரை மேசைக்கரண்டி இஞ்சியும் பச்சை மிளகாய் ஒன்றும் வறுத்து, காளானையும் பொடியாக நறுக்கிய காய் ஒரு கைப்பிடியையும் சேர்த்து ஒரு நிமிடம் புரட்டியபின் காய்ச்சாற்றை ஊற்றுங்கள். கொதித்ததும் ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸ், இரண்டு தேக்கரண்டி மிளகாய் சாஸ், முக்கால் தேக்கரண்டி மிளகுத்தூள் ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். இரண்டு மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளோரைக் கால் கோப்பைக் குளிர்ந்த நீரில் கரைத்து, மற்றொரு கையால் கிளறிக்கொண்டே மெதுவாக ஊற்றினால் ஒரு நிமிடத்தில் சூப் பளபளப்பாகக் கெட்டியாகும். வினிகர் ஒரு மேசைக்கரண்டியை அடுப்பை அணைத்த பிறகே விடுங்கள். முன்பே விட்டால் அதன் புளிப்பு மணம் ஆவியோடு போய்விடும். அமிலத்தோடு நீண்ட நேரம் கொதிக்கும் மாவுச்சத்து தளர்ந்து சூப்பும் நீர்த்துவிடும்.

காலிஃப்ளவர் பொரித்தல்

காலிஃப்ளவரை ஒரே வாயில் போடக்கூடிய பூக்களாகப் பிரித்து 400 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். கொதிக்கும் நீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு சிட்டிகை மஞ்சளும் போட்டு, அடுப்பை அணைத்து, பூக்களை அதில் மூன்று நிமிடம் மட்டும் அமிழ்த்தி எடுக்க வேண்டும். ஒளிந்திருக்கும் புழுக்கள் இதில் வெளியேறிவிடும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் பூ நீரை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு அதைத் துணியில் தலைகீழாக அடுக்கி, குறைந்தது 20 நிமிடம் உலரவிடுங்கள். பலர் தவிர்த்துவிடும் படி இது. மஞ்சூரியன் நமத்துப்போவதற்குப் பாதிக் காரணம் இங்கேதான் இருக்கிறது.

மாவுக்கு மைதா ஐந்து மேசைக்கரண்டி, கார்ன்ஃப்ளோர் நான்கு மேசைக்கரண்டி, அரிசி மாவு ஒரு மேசைக்கரண்டி, காஷ்மீரி மிளகாய்த்தூள் இரண்டு தேக்கரண்டி, மிளகுத்தூள் அரை தேக்கரண்டி, உப்பு முக்கால் தேக்கரண்டி ஆகியவற்றை உலர்ந்த நிலையிலேயே கலந்துகொள்ளுங்கள். மைதா பூவோடு ஒட்டிப்பிடிக்கும், மற்ற இரண்டும் மொறுமொறுப்பைத் தரும். மைதா மட்டும் போட்டால் ரொட்டிபோல் தடித்துப்போகும்; கார்ன்ஃப்ளோர் மட்டும் போட்டால் எண்ணெயில் உதிரும். குளிர்ந்த நீரைச் சிறிது சிறிதாக விட்டு, பஜ்ஜி மாவைவிடச் சற்றுத் தளர்வாகக் கரைக்க வேண்டும். தோய்த்த பூவின் மேடுபள்ளங்கள் மாவுக்கு அடியில் தெரிந்தால் பதம் சரி.

சிறிய ஆழமான சட்டியில் அரை லிட்டர் எண்ணெயைக் காய்ச்சி, ஒரு துளி மாவை விட்டுப் பாருங்கள். அது உள்ளே இறங்கி உடனே மேலெழுந்தால் எண்ணெய் ஏறத்தாழ 170 டிகிரியில் இருக்கிறது என்று கொள்ளலாம். ஒரு தடவைக்கு எட்டுப் பூக்களுக்கு மேல் போடாமல், ஒவ்வொன்றாக விட்டு, நடுத்தர தீயில் நான்கு நிமிடம் பொரித்து, வெளிர் நிறத்திலேயே ஜல்லிக் கரண்டியால் எடுத்துவிட வேண்டும். காகிதத்தின் மேல் குவித்து வைத்தால் அடியில் இருப்பவை ஆவியில் நனையும். கம்பி வலைத் தட்டில் பரப்பி வையுங்கள்.

பத்து நிமிடம் ஆறும்போது பூவின் உள்ளிருக்கும் ஈரம் மேலோட்டுக்கு வரும். பரிமாறுவதற்குச் சற்று முன்பு தீயைக் கூட்டி, எண்ணெயை இன்னும் சூடாக்கி, எல்லாவற்றையும் இரண்டு பங்காக ஒரு நிமிடம் மறுபடி பொரித்தால் அந்த ஈரமும் போய், ஒன்றோடொன்று தட்டினால் சலசலக்கும் அளவுக்கு முறுகிவிடும். சாஸில் புரண்ட பின்னும் மொறுமொறுப்பு கொஞ்ச நேரம் நிற்பதற்கு இந்த இரண்டாம் பொரிப்பே காரணம்.

மஞ்சூரியன் சாஸ்

ஒரு கிண்ணத்தில் சோயா சாஸ் ஒன்றரை மேசைக்கரண்டி, கெச்சப் இரண்டு மேசைக்கரண்டி, மிளகாய் சாஸ் ஒரு மேசைக்கரண்டி, சர்க்கரை அரை தேக்கரண்டி, தண்ணீர் முக்கால் கோப்பை ஆகியவற்றைக் கலந்து வையுங்கள். மற்றொரு கிண்ணத்தில் ஒரு மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளோரை மூன்று மேசைக்கரண்டி நீரில் கரைத்து வையுங்கள். குழம்பில்லாத உலர் மஞ்சூரியன் வேண்டுமென்றால் தண்ணீரைக் கால் கோப்பையாகவும் கார்ன்ஃப்ளோரை ஒரு தேக்கரண்டியாகவும் குறைத்துக்கொள்ளலாம். ஃப்ரைட் ரைஸோடு சாப்பிடுவதற்கு ஓரளவு குழம்பு இருப்பதே பொருத்தம் என்பது என் கருத்து.

வாணலியை மெல்லிய புகை எழும்வரை காயவைத்து, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, இரண்டு மேசைக்கரண்டி பூண்டு, ஒரு மேசைக்கரண்டி இஞ்சி, கொத்திய பச்சை மிளகாய் மூன்று, வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதியில் பாதி ஆகியவற்றைப் போட்டு 20 விநாடி புரட்டுங்கள். பூண்டு பொன்னிறத்தைத் தொடும்போதே வெங்காயமும் குடைமிளகாயும் விழுந்துவிட வேண்டும், ஏனெனில் பழுப்பேறிய பூண்டின் கசப்பை எந்த சாஸாலும் மறைக்க முடியாது. ஒன்றரை நிமிடத்தில் காயின் ஓரங்கள் லேசாகக் கருகத் தொடங்கும். நடுவில் அது இன்னும் நறுக்கென்று இருக்கும். அப்போது சாஸ் கலவையை ஊற்றிக் கொதிக்கவிடுங்கள்.

கார்ன்ஃப்ளோர் அடியில் தங்கியிருக்கும் என்பதால் மறுபடி கலக்கியே ஊற்ற வேண்டும். அதுவும் நன்றாகக் கொதிக்கும் சாஸில்தான் ஊற்ற வேண்டும். வெண்மையாகக் கலங்கிய சாஸ் தெளிந்து பளபளப்பதே மாவு வெந்ததற்கு அடையாளம். இரண்டு தேக்கரண்டி வினிகர் விட்டு, சுவைத்துப் பார்த்து, தேவையென்றால் மட்டும் உப்புச் சேர்த்து அடுப்பை அணைத்துவிடுங்கள். பூக்களை இன்னும் போட வேண்டாம்.

ஃப்ரைட் ரைஸ்

குளிர்பெட்டியிலிருந்து எடுத்த சோற்றைக் கைவிரல்களால் கட்டியில்லாமல் உதிர்த்து, இரண்டு சம பங்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். நான்கு பேருக்கானதை ஒரே தடவையில் வீட்டு அடுப்பில் வறுக்க முடியாது. அடியில் இருப்பது கருகும்போது மேலே இருப்பது ஆவியில் வேகும். இரண்டு தடவையாகச் செய்தாலும் மொத்தம் பத்து நிமிடம்தான் ஆகும்.

வாணலி நன்றாகக் காய்ந்ததும் ஒன்றரை மேசைக்கரண்டி எண்ணெயைச் சுற்றிலும் படும்படி விட்டு, ஒரு மேசைக்கரண்டி பூண்டும் அரை மேசைக்கரண்டி இஞ்சியும், மீந்திருக்கும் வெங்காயத்தாள் வெள்ளையில் பாதியும் போட்டு 15 விநாடி புரட்டுங்கள். கேரட்டும் பீன்ஸும் கடினமானவை என்பதால் முதலில் போட்டு ஒரு நிமிடம் வறுத்து, பிறகு குடைமிளகாயும் முட்டைகோஸும் சேர்த்து மேலும் ஒரு நிமிடம் வறுக்க வேண்டும். இந்தக் கட்டத்தில் உப்பைத் தொடாதீர்கள். காயிலிருந்து நீரை வெளியே இழுப்பதே உப்பின் இயல்பு.

இப்போது சோற்றைப் போட்டு, திருப்பியின் தட்டையான பக்கத்தால் பரப்பி, அரை நிமிடம் அசைக்காமல் விடுங்கள். ஓயாமல் கிளறிக்கொண்டே இருந்தால் சோறு சட்டியின் சூட்டைப் பெறவே பெறாது. பரப்புவது, விடுவது, அடியிலிருந்து புரட்டுவது என்று மூன்று நான்கு சுற்று செய்தால் பருக்கைகள் துள்ளத் தொடங்கும். சோறு முழுவதும் சூடேறியதற்கு அதுவே அடையாளம்.

இரண்டு தேக்கரண்டி சோயா சாஸைச் சோற்றின் மேல் ஊற்றாமல், வாணலியின் காய்ந்த ஓரத்தில் வட்டமாக விட வேண்டும். இரும்பைத் தொட்டதும் அது சீறிக் கொதித்து, லேசாகக் கருகிய இனிய மணத்தோடு சோற்றில் கலக்கும். உணவகத்து ஃப்ரைட் ரைஸில் நாம் தேடும் புகைமணத்துக்கு வீட்டில் மிக அருகில் செல்லும் வழி இதுதான். கால் தேக்கரண்டி மிளகுத்தூளும் அரை தேக்கரண்டி வினிகரும் சேர்த்து, சுவைத்து உப்புப் போட்டு, வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியைத் தூவி இறக்குங்கள். சோறு சற்றே வெளிர் பழுப்பாக இருந்தால் போதும். அடர்ந்த நிறம் வேண்டும் என்று சோயா சாஸைக் கூட்டினால் உப்புக் கரிப்பதோடு, நாம் அரும்பாடுபட்டு நீக்கிய ஈரமும் திரும்பி வந்துவிடும். வாணலியைத் துடைத்து, மறுபடி காயவைத்து, இரண்டாம் பங்கையும் இதேபோல் செய்யுங்கள்.

மாலையில் வேலையின் ஒழுங்கு

எட்டு மணிக்குச் சாப்பிடுவதாக இருந்தால் ஆறு மணிக்குக் காலிஃப்ளவரை வெந்நீரில் போட்டு எடுத்து உலரவைத்து, ஓர் அடுப்பில் காய்ச்சாறு கொதிக்கும்போதே நறுக்கும் வேலையை முடித்துவிடலாம். ஏழு மணிக்கு முதல் பொரிப்பு, அதைத் தொடர்ந்து சூப், பிறகு மஞ்சூரியன் சாஸ். இவை மூன்றும் காத்திருக்கக்கூடியவை. ஏழே முக்காலுக்குப் பொரிக்கும் எண்ணெயை ஓர் அடுப்பிலும் வாணலியை மற்றோர் அடுப்பிலும் காயவைத்து, ஃப்ரைட் ரைஸின் இரண்டு பங்கையும் முடித்து மூடிவையுங்கள். சூப்பை அனைவருக்கும் கொடுத்துவிட்டு, அவர்கள் அதைக் குடிக்கும் நேரத்தில் பூக்களை இரண்டாம் முறை பொரித்து, சாஸைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்து, பூக்களைக் கொட்டி ஐந்தாறு முறை மட்டும் புரட்டி, நேராகத் தட்டுகளுக்கு எடுத்துச் செல்லலாம். தனியாகச் சமைப்பவர்கள் முதல் முறையில் சூப்பை விட்டுவிட்டாலும் குறையில்லை.

மாற்றங்களும் மிச்சமும்

சோற்றுக்குப் பதில் ஹக்கா நூடுல்ஸ் செய்பவர்கள், பாக்கெட்டில் சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பே வடித்து, குளிர்ந்த நீரில் அலசி, ஒரு தேக்கரண்டி எண்ணெய் புரட்டித் தட்டில் ஆறவிட வேண்டும். மற்றவை அனைத்தும் ஃப்ரைட் ரைஸ் போலத்தான். காய்களை மட்டும் நூடுல்ஸோடு சேர்ந்து வரும்படி நீளவாக்கில் நறுக்குங்கள். காலிஃப்ளவர் கிடைக்காத கோடையில் அதே மாவில் பேபி கார்னோ காளானோ பொரிக்கலாம். காளானை வெந்நீரில் போடக்கூடாது. ஈரத்துணியால் துடைத்தால் போதும். பனீருக்கு இரண்டாம் பொரிப்பு வேண்டாம், ரப்பராகிவிடும்.

மிஞ்சும் என்று தோன்றினால் பூக்களில் ஒரு பங்கைச் சாஸில் போடாமல் தனியே எடுத்துவைத்துவிடுங்கள். கலந்த மஞ்சூரியனை மறுநாள் மீட்க வழியில்லை. தனியே வைத்த பூக்களோ ஏர் ஃப்ரையரில் 180 டிகிரியில் ஐந்தாறு நிமிடத்தில் மறுபடி முறுகிவிடும். குளிர்ந்த சாஸ் கெட்டிப்பட்டிருக்கும் என்பதால், இரண்டு மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்துப் பயன்படுத்த வேண்டும். மிஞ்சிய ஃப்ரைட் ரைஸ் ஏற்கெனவே ஒருமுறை குளிர்பெட்டியில் இருந்து வந்தது என்பதால், அதை மறுநாளுக்கு வைக்காமல் அன்றிரவே முடித்துவிடுங்கள்.